முதியோர் சொல்லைக் கேட்பார் யார்?

சென்ற மாதம் ஒரு நாட்காலையில் நமது காரியாலயத்திற்கு ஒரு முதியவர் வந்து சேர்ந்தார். பிராயம் 79. மேலூர்த் தாலுகாவில், பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியராயிருந்து, உபகாரச் சம்பளத்தில் ஜீவித்து வருபவர். மனைவியார் காலமாகிவிட்டார்; குமாரர் இருவரும் வெளியூரில். ஊரார் அவரை வாத்தியார் என்றே அழைப்பதால் நாமும் அவ்வாறே அழைப்போம். நெற்றியில் ஆறிக்கொண்டிருந்த ஒரு காயம். கையில் ஒரு மஞ்சள் பை. நாம் பத்திரிகைத் தொழிலோடு வக்கீல் தொழிலும் புரிவதை யாரோ சொல்லக் கேட்டு வந்திருக்கிறார்.

சற்று மூச்சு வாங்கிய பின், "தம்பி, ஒரு டாக்டர் மீது வழக்குப் போட முடியுமா?" என்றார்.

வக்கீல் புத்தி முந்திக்கொண்டது. நஷ்ட ஈடு எவ்வளவு கோர உத்தேசம் என்று வினவினோம். வாத்தியார் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பாடம் ஒப்பிக்கத் தெரியாத பையனைப் பார்க்கும் பார்வை அது. "பணம் எதற்குத் தம்பி? நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. அதற்கு ஏதேனும் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார்.

இவ்வினாவுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. ஆகவே அவருடைய வரலாற்றை முதலில் கேட்டோம். நேயர்களும் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களாக.

மதுரை நகரில் மாசி வீதிகளுக்கு அருகே பழைய டாக்டர் ஒருவர் இருந்தார். வாத்தியாருக்கு 22 வருஷ காலம் அவரே குடும்ப வைத்தியர். வாத்தியாரின் மனைவிக்கு வந்த காமாலையும், மூத்த மகனுக்கு வந்த விஷசுரமும் அவருக்கு நினைவிருந்தன. பீஸ் கொடுக்க இயலாத மாதத்தில் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவர் காலமான பின்னர் வாத்தியார் நகரில் வேறொரு டாக்டரிடம் போகத் தலைப்பட்டார். அவரும் கெட்டிக்காரரென்றே பெயர் பெற்றவர். விடியற்காலையில் கிராமத்தை விட்டு, மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, டோக்கன் பெற்று, உச்சிப்பொழுது வரையில் காத்திருந்தால், டாக்டரின் அறைக்குள் இரண்டு நிமிஷம் கிடைக்கும். அவ்விரண்டு நிமிஷத்திலும் டாக்டரின் கண்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே இருக்கும்.

முதல் முறை போனபோது இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஐயா, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு மாத்திரை…" என்று வாத்தியார் தொடங்கினார். அதற்குள் மணி அடிக்கப்பட்டது; அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். இரண்டு மாதங் கழித்து இரு கால்களிலும் வீக்கங் கண்டது. வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டது. அப்புறம் எழுந்து நின்றால் தலை சுற்றிற்று. "வயதாகிவிட்டதல்லவா, பெரியவரே, அப்படித்தான் இருக்கும்" என்று கூறித் தலையை ஸ்கான் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். ஒரு மாத உபகாரச் சம்பளத்தில் பெரும் பங்கு அதற்கே சென்றது. ஸ்கானில் ஒன்றுமில்லை. அந்த வாரத்திலேயே ஒரு நாள் பின்னிரவில், சிறுநீர் கழிக்க எழுந்தவர் திண்ணையருகே விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார்.

உண்மையை வெளிப்படுத்தியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் இளம் டாக்டரம்மாள் ஒருவர். காயத்துக்குத் தையல் போட்ட பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஐயா, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறீர்களா?" மறுநாள் வாத்தியார் மஞ்சள் பையைக் கொண்டுபோய் மேஜை மீது கவிழ்த்தார். அம்மாள் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். சுகாதார நிலையத்தில் கொடுத்ததும், நகரத்து டாக்டர் எழுதியதும் ஒரே மருந்து. அம்லோடிபின் என்பது அதன் பெயர். ஒன்றன் அட்டையில் மருந்தின் பெயர்; மற்றொன்றன் அட்டையில் கம்பெனியார் இட்ட பெயர். வாத்தியார் பல மாதங்களாக இரட்டைப் பங்கு விழுங்கி வந்திருக்கிறார். அம்மருந்து அளவு மிஞ்சினால் காலில் வீக்கம் உண்டாகும். வீக்கத்தை வேறு வியாதியென்று எண்ணி நீர் மாத்திரை கொடுத்தால், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கையில் அழுத்தம் சரிந்து தலை சுற்றும். மருந்தினால் வந்த நோய்க்கு ஒரு மருந்து. அம்மருந்தினால் வந்த நோய்க்கு ஒரு ஸ்கான்!

அம்மாள் முதலில் உட்கார வைத்தும், பிறகு எழுந்து நிற்கச் செய்து மூன்று நிமிஷத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்தார். மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கிற்று. இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். மூன்று வாரத்தில் வீக்கமும் தலைச்சுற்றலும் போயின. இச்சிகிச்சைக்கு ஆன செலவு ஒரு மஞ்சள் பை.

வாத்தியார் அன்று சொல்லத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் இவற்றில் ஒன்றுமே நேர்ந்திராது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நாம் வைத்தியருக்குக் கருணை வேண்டுமென்று பேசும்போது, இனிய சொல்லையும் புன்முறுவலையும் மாத்திரம் கேட்கிறோமென்று பலர் நினைக்கிறார்கள். அவை இருந்தால் நலமே. ஆனால் முதியவர் விஷயத்தில் காது கொடுத்துக் கேட்பது மரியாதை மாத்திரமன்று. அதுவே சிகிச்சையின் முதற் பாகம். வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் வைத்தியன் எண்ண வேண்டுவன மூன்றைக் கூறுகிறார். நோயையும் காலத்தையும் கூறுமுன் நோயுற்றவனையே முதலில் வைக்கிறார். அமெரிக்க தேசத்தில் 1984-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடிக்குள் டாக்டர் குறுக்கிட்டுவிடுவதாகக் கண்டார்கள். 67 தேசங்களின் கணக்கைத் திரட்டி 2017-இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரி 22 நிமிஷத்துக்கு மேல் கொடுப்பதாகவும், வங்காள தேசத்து டாக்டர் 48 வினாடியே கொடுப்பதாகவும் காணப்பட்டது. நம் தேசத்தின் கணக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம். வாத்தியாரின் கைக்கடிகாரமும் அதையே சொல்லிற்று.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயமில்லாமலில்லை. கூட்டம் மிகுதி, படிப்புக்குப் பட்ட கடன் மிகுதி, சிகிச்சை தவறினால் நோயாளியின் உறவினர் கையோங்கி வருவதும் உண்டு. இவையெல்லாம் நாம் அறிந்ததே. மகாத்மா 1909-இல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ்யத்தில் வக்கீல்களையும் வைத்தியர்களையும் அடுத்தடுத்த அத்தியாயங்களில் நிறுத்திக் கண்டித்தார். ஆதலால், இவ்விஷயத்தில் வக்கீலொருவன் வைத்தியரை நோக்கி உரத்த குரலில் பேசுவது அழகன்று. எனினும் கூட்டம் மிகுந்தால் கருணைக்கு இடமில்லை என்னும் வாதத்தை மட்டும் மதுரைவாசிகளாகிய நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அதைப் பொய்யாக்கிக் காட்டியவர் நம் ஊரிலேயே வாழ்ந்தார்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். வாலிபத்திலேயே கீல்வாதம் பற்றி விரல்கள் கோணிப் போயின. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். நோயாளியாய்க் கிடப்பதென்றால் என்னவென்று அவருக்கு ஒருவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. அக்கோணிய விரல்களிலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் வைத்தியராகி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து 1976-இல் 58-வது பிராயத்தில் விலகியதும், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-இல் அவர் காலமாவதற்குள் தம் கையாலேயே ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சஸ்திர சிகிச்சை செய்திருந்தார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் யார்? கண்புரை விழுந்த கிராமத்துக் கிழவர்களும் கிழவிகளுமே. வீட்டில் மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டு, சோற்றுக்குப் பாரமென்று எண்ணப்பட்டவர்கள். சிகிச்சை இலவசமென்று பறைசாற்றினால் மாத்திரம் அவர்கள் வந்துவிட மாட்டார்களென்பதை அவர் அறிந்திருந்தார். கையைப் பிடித்து அழைத்து வர ஆள் வேண்டும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். நகரத்தில் சோறு வேண்டும். ஆகவே கிராமத்தில் முகாம் போட்டு, அங்கிருந்து வண்டியில் ஏற்றி வந்து, சோறு போட்டு, சிகிச்சை செய்து, திரும்பவும் ஊரிலே கொண்டுபோய் விடும் ஏற்பாடு பிறந்தது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, டாக்டர் செய்ய வேண்டாத வேலைகளையெல்லாம் அவர்களிடம் ஒப்புவித்தார். டாக்டரின் நேரம் டாக்டருக்கே மிஞ்சிற்று. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நிய நாட்டு விலையில் ஏழைக்கு எட்டாதென்று கண்டபோது, 1992-இல் மதுரையிலேயே அதைச் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. இதைச் சுதேசியம் என்று நாம் சொன்னால் மிகையாகாது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். கண்புரை ஒரு முறை எடுத்தால் தீர்ந்தது. இரத்த அழுத்தமும், நீரிழிவும், மூட்டு வாதமும், மறதியும் அப்படியல்ல. அவை முதியவரோடு கூடவே குடியிருப்பவை. அவற்றுக்கு எத்துணை நல்ல ஏற்பாடாயினும் முகாம் போதாது. முதியவரைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர், வருஷந்தோறும் அதே ஒருவர், வேண்டும். நார்வே தேசத்தில் 45 லக்ஷம் ஜனங்களின் கணக்கை ஆராய்ந்து 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருஷத்துக்கு மேல் போய் வருபவர்கள், வைத்தியரிடம் புதிதாகச் சேர்ந்தவர்களைக் காட்டிலும் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வது கால் பங்குக்கு மேல் குறைவு. மரணமும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. எந்த மாத்திரை இவ்வளவு செய்யும்? வாத்தியாரின் பழைய டாக்டர் இந்த ஆராய்ச்சியைப் படித்தவரல்லர். மாசி வீதியில் அவர் 22 வருஷம் செய்தது அதைத்தான்.

அவரைப் போன்றவர்கள் எங்கே போனார்கள்? ஒரு காலத்தில் நம் சிறு நகரங்களில் குடும்ப வைத்தியம் பார்த்தவர்களில் பலர் எல்.எம்.பி. என்னும் லைசென்ஸ் பெற்றவர்கள். 1946-இல் அறிக்கை தந்த போர் கமிட்டியின் பெரும்பான்மையோர் தேசத்துக்கு ஒரே தரமான வைத்தியப் பட்டமே போதுமென்றார்கள். லைசென்ஸ் படிப்பு மறைந்தது. படிப்பின் தரம் உயர்ந்ததை நாம் குறை கூறவில்லை. பணங் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் வைத்தியமின்றி இருக்கலாகாது என்று சொன்னதும் அதே கமிட்டிதான். ஆனால் பட்டம் பெற்ற பிள்ளை இருதயத்துக்கோ மூளைக்கோ தனி நிபுணராகாவிட்டால் கௌரவமில்லை என்னும் எண்ணம் அப்பால் வேரூன்றிவிட்டது. இருதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். முழு மனிதருக்கு ஆளில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள்; இத்தொகை ஏறுமுகமாகவே இருக்கிறது. இவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து நிபுணரிடம் ஐந்து சீட்டுப் பெற்று வந்தால், ஐந்தையும் ஒரு சேரப் பார்ப்பவர் யார்? வாத்தியாரின் மஞ்சள் பைதான்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். வாத்தியாரின் கேள்வி நம்மை இரண்டு இரவு புஸ்தகம் புரட்டச் செய்தது. 1995-இல் சுப்ரீம் கோர்ட்டார், கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதென்று தீர்ப்பளித்தார்கள். அசிரத்தையால் நஷ்டம் நேர்ந்ததென்று ருசுப்படுத்தினால் ஈடு கிடைக்கும். ஆனால் அது பணத்தின் பாதை. வாத்தியார் கேட்டது அதுவன்று. இந்திய வைத்தியக் கவுன்சிலார் 2002-இல் இயற்றிய நடத்தை விதிகளோ இன்றளவும் அமலில் உள்ளவை. 2023-இல் இவற்றுக்குப் பதிலாக வெளியான புது விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. அப்பழைய விதிகளில், பொறுமையும் மென்மையும் வைத்தியருக்குரிய லக்ஷணங்களென்று எழுதியிருக்கிறது. ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட பின் அவரை அலக்ஷியம் செய்யலாகாது. தக்க முன்னறிவிப்பின்றிக் கைவிடலாகாது. நோயாளி தமது சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டணத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும். மருந்தை அதன் பொதுப் பெயரால், தெளிவான எழுத்தில் எழுத வேண்டுமென்று 2016-இல் ஒரு திருத்தமும் வந்தது. இவ்வொரு விதி அனுசரிக்கப்பட்டிருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வாத்தியார் இரண்டு சீட்டிலும் ஒரே பெயர் இருப்பதைத் தாமே கண்டிருப்பார்.

சர்க்காரின் கடமையும் எழுத்தில் இருக்கிறது. முதியோர் பராமரிப்பைப் பற்றிய 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டமென்றே எல்லோரும் அறிவார்கள். அதில் 20-வது பிரிவு ஒன்றுண்டு. வக்கீல்களிலும் அதை வாசித்தவர் சிலரே. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இயன்றவரை எல்லா முதியோருக்கும் படுக்கை, முதியோருக்குத் தனி வரிசை, நாட்பட்ட நோய்களுக்கு விரிவான சிகிச்சை, ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் முதியோர் வைத்தியத்தில் அனுபவமுள்ள அதிகாரியின் கீழ்த் தனி ஏற்பாடு — இவையெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் கிடப்பவருக்கு நோவு தணிக்கும் சிகிச்சையும் வருகிறது. எக்கட்சி சர்க்கார் செய்தாலென்ன, நல்ல காரியத்தை நல்ல காரியமென்று சொல்ல நாம் கூச மாட்டோம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவது பாதி வேலை. மாத்திரையைக் கொண்டு வருபவர், "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைப்பாராயின் அது முழு வேலையாகும்.

மேடைகளில் முழங்கும் நம் தோழர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது ஏராளம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சிலர் கூடித் தொடங்கிய நோவு தணிப்பு இயக்கம், பஞ்சாயத்துகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வீடு வீடாகச் செல்லும் பெரும் ஏற்பாடாக வளர்ந்து, 2008-இல் அம்மாகாண சர்க்காரின் கொள்கையாகவே ஆயிற்று. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் டாக்டரல்லர். மாலையில் ஓய்வுள்ள சாதாரண மனிதர்கள். மதுரையைச் சூழ்ந்த கிராமங்களில் அவ்வாறு ஓய்வுள்ள வாலிபர் இல்லையென்று யாரும் சொல்லத் துணியார். எந்த டீக்கடையிலும் காணலாம். ஊருக்கு நாலு பேர் சேர்ந்து முதியோரின் மருந்துப் பைகளைச் சுகாதார நிலையத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை கொண்டுபோய்க் காட்டினாலே போதும். 20-வது பிரிவின்படி தனி வரிசை எந்தெந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதிக் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறை கேட்கும் நாளில் கொடுக்கலாம். பொதுப் பெயரால் சீட்டு எழுதும்படி நகரத்து டாக்டர்களைக் கூட்டமாகப் போய், மரியாதையோடு, கேட்கலாம். மரியாதையோடு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லுகிறோம். டாக்டர்மேல் கல்லெறிவது தேசத் தொண்டாகாது.

சர்க்காரை நாம் கேட்பதோ முக்கியமாக ஒன்று. சுகாதார நிலையத்து டாக்டரை, ஊர் ஜனங்களை அறிந்துகொள்ளும் சமயத்தில் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடாதிருக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமாயின், போகிறவரும் வருகிறவரும் ஒரு மாதமாவது ஒரே மேஜையில் உட்கார்ந்து, முதியோர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். தாசில்தார் மாறினால் கணக்குப் புஸ்தகங்களைப் பொறுப்பேற்பதற்கு விதியுண்டு. மனிதரைப் பொறுப்பேற்பதற்கு விதியில்லையா?

வாத்தியாருக்கு வழக்கு வேண்டாமென்று யோசனை கூறினோம். அதற்குப் பதிலாக அவர் பெயரால் நகரத்து டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினோம்: நடந்ததைச் சொல்லி, சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு, மற்ற முதியோரிடம் வேறென்ன மருந்து உண்கிறார்களென்று விசாரிக்கும்படி வேண்டி. பத்தாம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளே ஸ்கான் ரசீதின் நகலும், அடுத்த முறை வருவதற்கு ஒரு டோக்கனும் இருந்தன. கடிதம் இல்லை. வாத்தியார் ரசீதைக் கண்ணாடி வழியே இருமுறை படித்துவிட்டு, அதன் பின்புறம் வெறுமையாயிருப்பதைக் கண்டு, கணக்குப் போட உதவுமென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமைதோறும் அவர் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறார். நேற்று நமக்குப் போனில் ஒரு செய்தி சொன்னார். டாக்டரம்மாளுக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். இம்மாதக் கடைசியில் போகிறாராம். புதிதாக வருபவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாத்தியார் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தாம் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களையும், நிறுத்திய மாத்திரைகளின் பெயர்களையும், நிறுத்திய காரணத்தையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டோம். "தயவுசெய்து முழுவதும் படிக்கவும்" என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.